நாடு கடனைக் கட்டாமல் நின்றால் யார் காசு முதலில் போகிறது? (கானா, இலங்கை)

தேமா_முருகு

வளரும் நாடுகளின் கடன் பிரச்சினை என்று யார் எழுதினாலும் வெளிநாட்டுக் கடனைப் பற்றித்தான் எழுதுகிறார்கள். சீனா எவ்வளவு கொடுத்தது, ஐ.எம்.எஃப். (சர்வதேச நாணய நிதியம்) என்ன நிபந்தனை போட்டது, இதுதான் பேச்சு. நான் கானாவில், தேமா துறைமுகத்தை ஒட்டிய ஒரு கிடங்கில் வேலை செய்கிறேன். இங்கே நடந்ததை வைத்துப் பார்த்தால் கேள்வியையே மாற்றிக் கேட்க வேண்டும் என்று தோன்றுகிறது.

தேதியைக் கவனியுங்கள். 2022 டிசம்பர் 5: உள்நாட்டில் விற்ற கடன் பத்திரங்களைக் கொடுத்துவிட்டுப் புதுப் பத்திரம் வாங்கிக்கொள்ளுங்கள் என்று கானா அரசு சொன்னது. டிசம்பர் 19: வெளிநாட்டுக் கடன்களில் பெரும்பகுதியைக் கட்டுவதை நிறுத்துகிறோம் என்றது. சொந்த ஊர்க்காரனுக்கு இரண்டு வாரம் முன்னாலேயே சேதி வந்துவிட்டது.

பழைய பத்திரங்கள் பலவற்றுக்கு 20 சதவீதத்தை ஒட்டி வட்டி. புதியதற்கு முதலில் சொன்ன கணக்கு: 2023இல் வட்டி கிடையாது, 2024இல் 5%, 2025 முதல் 10%. அசல் 2027இல் தொடங்கி 2037 வரை தவணை தவணையாக வரும். அந்த டிசம்பரில் விலைவாசி ஏற்றம் 54.1%. கணக்குப் போட்டுப் பாருங்கள்.

தனிநபர்களைத் தொடமாட்டோம் என்று ஆரம்பத்தில் சொன்னார்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் அவர்களையும் சேர்த்தார்கள். 2023 பிப்ரவரியில் ஓய்வு பெற்ற பெரியவர்கள் அக்ராவில் நிதி அமைச்சகத்தின் முன் தினமும் வந்து உட்கார்ந்தார்கள். அவர்களோடு முன்னாள் தலைமை நீதிபதி சோஃபியா அகூஃபோவும் வந்து நின்றார். ஒரு நாட்டின் தலைமை நீதிபதியாக இருந்தவர், போராட்டத்தில்! கடைசியில் ஓய்வூதியர்களுக்கு விலக்கு கொடுத்தார்கள்.

கடன் மறுசீரமைப்பில் உள்நாட்டுச் சேமிப்பாளனை ஏன் இவ்வளவு சுலபமாகத் தொட முடிகிறது? உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை

தம்பி, நான் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கொஞ்சம் கசப்பாகத்தான் சொல்வேன்.

20% வட்டி தருகிறேன் என்று ஓர் அரசு சொன்னால், வாங்குகிறவன் அந்த 20 ஏன் என்று கேட்க வேண்டாமா? கானா அரசின் வருவாயில் கிட்டத்தட்ட பாதி வட்டிக்கே போய்க்கொண்டிருந்தது. இலங்கையில் அது 70 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. வட்டிச் செலவில் பெரும்பங்கு உள்நாட்டுப் பத்திரங்களுக்கு. அதைத் தொடாமல் வெளிநாட்டுக்காரன் தலையில் மட்டும் வெட்டு போட்டால் கணக்கு சரிவராது. 2028க்குள் மொத்தக் கடனின் இன்றைய மதிப்பு (வருங்காலத் தவணைகளை இன்றைய காசில் கணக்கிட்டது) உள்நாட்டு உற்பத்தியில் 55 சதவீதத்துக்குள் வர வேண்டும் என்று ஐ.எம்.எஃப். கானாவுக்கு இலக்கு வைத்தது. அந்த இடத்துக்கு வர வேறு வழி இருந்தால் காட்டுங்கள்.

இதை நியாயம் என்று நான் சொல்லவில்லை. காசு இல்லை என்பது எல்லா நியாயத்துக்கும் முன்னால் வந்து நிற்கிற விஷயம்.

தேமா_முருகு

ஐயா, கணக்கு சரி. ஆனால் பேராசைப்பட்டு வாங்கியவர்கள் போல நீங்கள் எழுதியதை ஏற்க முடியவில்லை. நெருக்கடிக்கு முன் சாதாரண நாளிலேயே இங்கே விலைவாசி வருடத்துக்கு 10 சதவீதத்தை ஒட்டி ஏறியது. அதைக் கழித்தால் 20 ஒன்றும் கொள்ளை லாபம் இல்லை.

இன்னொன்று. 2017 முதல் 2019 வரை இங்கே வங்கித் துறையைச் சுத்தம் செய்கிறோம் என்று ஒன்பது வங்கிகளின் உரிமத்தை ரத்து செய்தார்கள். 2019 மே மாதம் ஒரே மூச்சில் 347 குறுநிதி நிறுவனங்கள். அவற்றில் போட்ட காசுக்காக மக்கள் மாதக் கணக்கில் அலைந்தார்கள். அதைப் பார்த்தவன் அடுத்து எங்கே போவான்? அரசுப் பத்திரம்தான் பத்திரம் என்று போனான். என் கூட வேலை செய்து ஓய்வு பெற்ற ஒரு மேற்பார்வையாளர் பணிக்கொடை முழுவதையும் அப்படித்தான் போட்டார். ஒரு நிதித் திட்டம் மூலமாகப் போட்டதால் கேட்டபோது எடுக்கவும் முடியவில்லை. பயந்து பயந்து போட்ட காசு ஐயா அது.

ஹட்டன்_செல்வி

முருகு அண்ணே, இந்தக் கதையின் எங்கள் பக்கத்தையும் எழுதுகிறேன். கானாவையும் இலங்கையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் விஷயம் விளங்கும்.

இலங்கை 2022 ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடனைக் கட்டுவதை நிறுத்தியது. உள்நாட்டுக் கடனில் கை வைத்தது அதற்கு ஒரு வருடம் கழித்து, 2023 ஜூன் கடைசியில். அதை அறிவிக்கும்போது வங்கிகளுக்கு ஐந்து நாள் தொடர் விடுமுறை விட்டார்கள், மக்கள் ஓடிப்போய்க் காசு எடுத்துவிடக் கூடாது என்று. ஆனால் வங்கிகளின் கையில் இருந்த திறைசேரி முறிகளை, அதாவது அரசு ரூபாயில் விற்ற கடன் பத்திரங்களை, தொடவே இல்லை. தொட்டது யாரை? ஊழியர் சேமலாப நிதியை. நாங்கள் ஈ.பி.எஃப். என்போம்.

பழைய முறிகளைக் கொடுத்துவிட்டுப் புதியதை வாங்கு. 2025 வரை 12%, அதன் பிறகு 9%. மாட்டேன் என்றால் உன் முறி வருமானத்துக்கு 14% அல்ல, 30% வரி. இதற்குப் பெயர் விருப்பத் தேர்வு. நிதியை நிர்வகிப்பது மத்திய வங்கி, அங்கத்தவர்களின் சார்பில் "சம்மதம்" சொன்னதும் அதே இடம்.

தோட்டத்தில் கொழுந்து பறிக்கிற பெண்ணின் சம்பளத்தில் 8 வீதம், கம்பனி போடுவது 12 வீதம், இதுதான் அந்த நிதி. 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபாய் என்று போராடி வாங்கினார்கள். அப்போது டாலர் 200 ரூபாய், அதாவது நாளுக்கு 5 டாலர். 2022இல் டாலர் 360 ஆனபோது அது 3 டாலருக்கும் குறைந்தது. சேர்த்த காசின் மதிப்பும் அதோடு கரைந்தது. முறி மாற்றம் வருவதற்கு முன்பே பாதி போய்விட்டது என்பதுதான் உண்மை.

வெற்றிலைப்பெட்டி

உன் காசை வைத்திருப்பவனே உன் சார்பில் கடனைத் தள்ளுபடி செய்துவிட்டு, உனக்கு நன்றி சொல்கிறான். நல்ல ஏற்பாடு.

கணக்குப்பிள்ளை

செல்வியம்மா, இரண்டு விஷயம்.

ஒன்று, வங்கிகளை முழுக்க விட்டுவிட்டார்கள் என்பது சரியல்ல. வங்கிகள் வைத்திருந்த டாலர் மதிப்பிலான இலங்கை அபிவிருத்தி முறிகள் மறுசீரமைப்புக்குள் வந்தன. வெளிநாட்டு முறிகளும் சில வங்கிகளிடம் இருந்தன. ரூபாய் முறிகளையும் தொட்டிருந்தால் வங்கியின் மூலதனம் போயிருக்கும். அதை நிரப்ப அரசிடம் காசு ஏது? வங்கி விழுந்தால் அந்தக் கொழுந்து பறிக்கிற பெண்ணின் சேமிப்புக் கணக்கும்தான் விழும்.

கானாவில் வங்கிகளின் தலையில் போட்டார்கள். கானா மத்திய வங்கி தன்னிடம் இருந்த அரசுக் கடனில் பாதியை விட்டுக்கொடுத்து, 2022 கணக்கில் 60.8 பில்லியன் சீடி (கானா நாணயம்) நட்டம் காட்டியது. தனியார் வங்கிகள் ஒரே வருடத்தில் பெரும் நட்டம் எழுதின. கடன் கொடுப்பது வறண்டது. அது யாரைப் பாதித்தது? கடை வைத்திருப்பவனை, வேலை தேடுகிறவனை.

இரண்டு, ஈ.பி.எஃப். 2023க்கு 13% வட்டி அறிவித்ததே?

ஹட்டன்_செல்வி

13 அறிவித்தார்கள், மறுக்கவில்லை. 2022க்கு அறிவித்தது 9%. அந்த வருட செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண் 69.8% ஏறியிருந்தது. இரண்டையும் சேர்த்தே பாருங்கள் ஐயா.

வங்கிகள் விழக்கூடாது என்பதும் சரி. நான் கேட்பது வேறு. கானாவில் தொழிற்சங்கங்கள் 2022 டிசம்பர் 27 முதல் வேலைநிறுத்தம் என்று அறிவித்தன. அதற்கு முன்பே அரசு இறங்கி வந்து ஓய்வூதிய நிதிகளுக்கு விலக்கு கொடுத்தது. பிறகு 2023 ஆகஸ்டில் அந்த நிதிகளுக்கென்று தனியாக ஒரு மாற்றம் செய்தார்கள், முகமதிப்பை (பத்திரத்தில் எழுதிய அசலை) கூட்டி வட்டியைக் குறைத்து, இழப்பு பெரிதாக வராத மாதிரி. இலங்கையில் தொழிற்சங்கங்கள் ஊர்வலம் போனார்கள், நீதிமன்றம் போனார்கள், ஒன்றும் நகரவில்லை. பாராளுமன்றம் ஜூலை 1, சனிக்கிழமை கூடி முடித்துவிட்டது.

இரண்டு நாட்டுக்கும் ஐ.எம்.எஃப். ஒன்றுதான். கடன் சுமையைக் குறை என்று அது சொன்னது, யார் தலையில் என்பதை உள்ளூரில் தீர்மானித்தார்கள். அங்கே சங்கங்கள் பலமாக இருந்தன, ஓய்வூதியம் தப்பியது. இங்கே வங்கிகள் பலமாக இருந்தன, ஓய்வூதியம் மாட்டியது. பொருளாதாரப் பாடப்புத்தகம் இதில் எங்கே வருகிறது?

பரணி_மதுரை

நல்ல விவாதம். முதுகலை படிக்கிறேன், இரண்டு கேள்வி.

1) உள்நாட்டுக்காரனைத் தொடுவது சுலபம், வெளிநாட்டுக்காரனைத் தொடுவது கஷ்டம் என்பதற்குச் சட்டம்தான் காரணமா?

2) கானாவில் கோகோ இருக்கிறதே! 2024இல் கோகோ விலை வரலாறு காணாத உயரத்துக்குப் போனது. உலகத்திலேயே இரண்டாவது பெரிய உற்பத்தி நாடு. அந்த லாபம் எங்கே போனது?

கணக்குப்பிள்ளை

முதல் கேள்விக்கு ஆமாம். உள்நாட்டுப் பத்திரம் அந்த நாட்டுச் சட்டப்படி எழுதப்பட்டது. வரிச் சட்டத்தை மாற்றலாம், விதியை மாற்றலாம், சபையில் பெரும்பான்மை போதும். கானா வெளிநாட்டில் டாலரில் விற்ற 'யூரோ பாண்ட்' பத்திரங்கள் ஆங்கிலச் சட்டப்படி. இலங்கையின் சர்வதேச முறிகள் நியூயார்க் சட்டப்படி. இலங்கை நிறுத்திய இரண்டே மாதத்தில் ஹாமில்டன் ரிசர்வ் வங்கி என்ற ஒரு முதலீட்டாளர் நியூயார்க்கில் வழக்குப் போட்டார். ஜூலை 2022இல் முதிர வேண்டிய ஒரு பில்லியன் டாலர் முறியில் கால்வாசியை அவர் ஒருவரே வைத்திருந்தார். அவரைத் தவிர்த்துவிட்டு மற்றவர்களின் வாக்கில் முடிக்க முடியாத அளவு. ஹட்டனில் இருக்கிற ஒருவர் அப்படி வழக்குப் போட எந்த ஊருக்குப் போவார்?

தேமா_முருகு

கோகோ கதை எனக்குப் பிடித்த கதை. கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கானாவில் விவசாயி கோகோவைத் தன் இஷ்டத்துக்கு ஏற்றுமதி செய்ய முடியாது. கோகோபோட் என்ற அரசு வாரியம்தான். அது பருவம் தொடங்கும் முன்பே வரப்போகிற விளைச்சலில் பெரும்பகுதியை முன்விலைக்கு விற்றுவிடும். அந்த ஒப்பந்தங்களைக் காட்டி வெளிநாட்டு வங்கிகளின் கூட்டமைப்பிடம் டாலர் கடன் வாங்கும். 1990களின் தொடக்கத்திலிருந்து 2023-24 பருவம் வரை வருடா வருடம் இதே வழக்கம். சில வருடங்களில் ஒரு பில்லியன் டாலருக்கு மேல். டாலர் மத்திய வங்கிக்கு, அதற்கான சீடி கொள்முதல் கம்பெனிகளுக்கு, அங்கிருந்து விவசாயிக்கு. ஒவ்வொரு வருடக் கடைசியிலும் சீடி விழாமல் நிற்க இந்த டாலர் ஒரு முக்கியக் காரணமாக இருந்தது.

விலை நிதானமாக இருக்கிற காலத்தில் இது நல்ல ஏற்பாடு. விவசாயிக்கு விலை முன்கூட்டியே தெரியும். ஆனால் 2023-24 பருவத்தில் என்ன ஆனது? விளைச்சல் விழுந்தது. 2020-21இல் பத்து லட்சம் டன்னைத் தாண்டிய நாடு 5 லட்சத்துச் சொச்சம் டன்னுக்கு வந்தது. மழை தாறுமாறு, மரத்துக்குத் தண்டு வீக்க நோய், கிழட்டு மரங்கள், உரம் இல்லை. அப்புறம் கலாம்சே, அதாவது அனுமதியில்லாத தங்கச் சுரங்கம். கோகோ தோட்டத்தையே தோண்டிவிடுகிறார்கள். உரிமையாளருக்குக் கையில் மொத்தமாகப் பணம் கிடைக்கிறது, நிலம் சேற்றுக் குழியாகிறது, ஆறு காபி நிறத்தில் ஓடுகிறது.

விளைச்சல் இல்லாததால் முன்பே விற்ற சரக்கைக் கொடுக்க முடியவில்லை. ஒப்பந்தங்களை அடுத்த வருடத்துக்குத் தள்ளினார்கள். அந்தப் பழைய ஒப்பந்தங்களின் விலை டன்னுக்கு 2,600 டாலர் அளவில். சந்தையில் 2024 ஏப்ரலில் 10,000 டாலரைத் தாண்டிவிட்டது, டிசம்பரில் நியூயார்க்கில் 12,000க்கும் மேலே. அத்தனை உயரத்தில் விலை இருக்கும்போது பழைய விலைக்கு ஏற்றுமதி!

விவசாயிக்குக் கொடுத்த விலையைப் பாருங்கள். 2023 செப்டம்பரில் 64 கிலோ மூட்டைக்கு 1,308 சீடி. 2024 ஏப்ரலில் பருவத்தின் நடுவிலேயே 2,070 ஆக்கினார்கள். செப்டம்பரில் 3,000. ஏற்றம் மாதிரித்தான் தெரியும். ஆனால் எல்லைக்கு அந்தப் பக்கம் டோகோவில் வியாபாரி சந்தை விலையை ஒட்டிக் கொடுக்கிறான். மூட்டைகள் இரவில் எல்லை தாண்டிப் போயின. கடத்தினால் நாட்டுத் துரோகம் என்று வானொலியில் பேசினார்கள். விவசாயி சிரித்திருப்பான்.

2023-24க்கான வெளிநாட்டுக் கடன் தாமதமாக, 800 மில்லியன் டாலராகக் குறைந்து கையெழுத்தானது. அடுத்த பருவத்துக்கு அந்தக் கடனே வேண்டாம் என்று விட்டார்கள். வாரியம் உள்ளூரில் விற்றிருந்த கோகோ உண்டியல்கள் என்கிற கடன் பத்திரங்களுக்கும் உள்நாட்டுப் பத்திரங்களின் கதிதான், குறுகிய காலப் பத்திரத்தைக் கொடுத்துவிட்டு நீண்ட காலப் பத்திரம் வாங்கிக்கொள் என்று. பரணி, லாபம் எங்கே போனது என்று கேட்டீர்கள். லாபம் வருகிற வருடத்துக்கு முன்பே சரக்கு அடகில் இருந்தது.

சாக்லேட் இங்கேயே செய்தால் என்ன என்று அடுத்து யாராவது கேட்பீர்கள். தேமாவிலேயே கோகோ அரைக்கும் ஆலைகள் இருக்கின்றன. விளைச்சல் விழுந்தபோது முதலில் கொட்டை இல்லாமல் நின்றதும் அவைதான், முன்விற்பனைக் கடனுக்குத்தானே முதல் உரிமை.

வெற்றிலைப்பெட்டி

அதற்குள் இங்கே சாக்லேட் சிறிதாகிவிட்டது, விலை மட்டும் பெரிதாகிவிட்டது.

அது இருக்கட்டும். இரண்டு நாட்டிலும் இருந்தவன் எல்லாம் திருடன், அதைச் சொல்லாமல் என்ன முறி, என்ன உண்டியல்?

நெறியாளர்

கட்சிச் சண்டைக்குத் தனி இழை இருக்கிறது. இங்கே விஷயத்தோடு நிற்கவும்.

ஹட்டன்_செல்வி

நெறியாளர் மன்னிக்க, ஒன்று மட்டும். யார் பொறுப்பு என்பது வெறும் கட்சிப் பேச்சு இல்லை. 2023 நவம்பரில் இலங்கை உயர் நீதிமன்றமே (இந்தியாவில் உச்ச நீதிமன்றம் என்பது போல) ராஜபக்ச சகோதரர்களும் முன்னாள் மத்திய வங்கி ஆளுநர்களும் பொதுமக்களின் நம்பிக்கையை மீறினார்கள் என்று தீர்ப்புச் சொன்னது. 2019 கடைசியில் வற் வரியை (மதிப்புக் கூட்டு வரி) 15இலிருந்து 8 வீதமாக்கியது, ரூபாயை 200இல் பிடித்து வைத்துக்கொண்டு கையிருப்பைக் கரைத்தது, ஐ.எம்.எஃப்.இடம் போகாமல் இழுத்தது, எல்லாம் அந்த வழக்கில் பேசப்பட்டன. தீர்ப்பு வந்த பிறகும் இழந்த காசு யாருக்கும் திரும்பவில்லை. 2024 ஜனவரியில் வற் 18 வீதமானது. வரியைக் குறைத்ததில் பலன் பெற்றவர்கள் வேறு, கூட்டியபோது கட்டுகிறவர்கள் வேறு.

வெளிநாட்டு முறிக்காரர்களுக்கு என்ன கிடைத்தது என்பதையும் பாருங்கள். 2024 டிசம்பரில் 12.5 பில்லியன் டாலர் முறிகளை மாற்றினார்கள். அசலில் 27% வெட்டு என்றார்கள். ஆனால் புது முறிகளில் ஒரு வகை, பொருளாதாரம் எதிர்பார்த்ததை விட நன்றாக வளர்ந்தால் கூடுதலாகக் கட்ட வேண்டியது. நாடு நன்றாக இருந்தால் அவர்களுக்குப் பங்கு உண்டு. ஈ.பி.எஃப். அங்கத்தவருக்கு அப்படி ஒரு வரி எழுதித் தரவில்லை.

பரணி_மதுரை

கானாவில் வெளிநாட்டுக்காரர்களுக்கு 2024 அக்டோபரில் இரண்டு தேர்வு கொடுத்தார்கள் என்று படித்தேன். 37% அசலை விட்டுக்கொடுத்து 5, 6% வட்டி வாங்குவது ஒன்று. அசல் முழுதாக, வட்டி 1.5% மட்டும் என்பது இன்னொன்று. இதற்கு ஏறக்குறைய இரண்டு வருடம் ஆனது. ஜாம்பியா 2020 நவம்பரிலேயே நிறுத்தியும் 2024 வரை இழுத்தது. 2023 கடைசியில் முறிக்காரர்களோடு ஓர் உடன்பாட்டுக்கு வந்தும், இவர்களுக்குக் கொடுக்கும் சலுகை அதிகம் என்று கடன் கொடுத்த அரசுகள் அதைத் தடுத்துவிட்டன.

இதைப் பார்த்துவிட்டு, நிறுத்தாமல் கட்டியே தீர்ப்பது நல்லது என்று சொல்ல வந்தேன். ஆனால் கென்யா அப்படித்தான் செய்தது. 2014இல் வாங்கிய 2 பில்லியன் டாலர் 2024 ஜூனில் முதிர்ந்தது. அதைக் கட்ட பிப்ரவரியில் பத்து சதவீதத்துக்கு மேல் விழுகிற வட்டியில் புதுக் கடன் வாங்கினார்கள். கட்டிவிட்டார்கள். அதே ஜூனில், புது வரிகள் கொண்ட நிதி மசோதாவை எதிர்த்து இளைஞர்கள் நாடாளுமன்றத்துக்குள்ளேயே புகுந்தார்கள். துப்பாக்கிச் சூடு, உயிர்ப்பலி. மறுநாள் ஜனாதிபதி ரூட்டோ மசோதாவைக் கைவிட்டார். பத்திரக்காரனுக்கு ஒரு சென்ட் குறையவில்லை.

கணக்குப்பிள்ளை

பரணி, அப்படியானால் நிறுத்தினாலும் அடி, கட்டினாலும் அடி. அதனால்தான் ஆரம்பத்திலேயே, கையிருப்பு இருக்கும்போதே போய்ப் பேச வேண்டும் என்கிறேன். கானா நிதி அமைச்சர் ஐ.எம்.எஃப்.இடம் போகமாட்டோம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பதிலுக்குக் கைபேசிப் பணப் பரிமாற்றத்துக்கு 1.5% வரி போட்டார்கள். அந்த மசோதாவுக்காக நாடாளுமன்றத்தில் கைகலப்பே நடந்தது. 2022 மே மாதம் வரி வந்தது, மக்கள் ரொக்கத்துக்குத் திரும்பினார்கள், எதிர்பார்த்த வசூல் வரவில்லை. ஜூலை 1 அன்று ஐ.எம்.எஃப். கதவைத் தட்டினார்கள். அந்த வரியை 2025இல் எடுத்துவிட்டார்கள்.

நம் நாடும் இதில் வேடிக்கை பார்க்கிற இடத்தில் இல்லை. இலங்கைக்குக் கடன் கொடுத்த நாடுகளின் குழுவுக்கு ஜப்பான், பிரான்சோடு இந்தியாவும் இணைத் தலைமை. அக்ராவில் ஜனாதிபதி இருக்கிற ஜூபிலி மாளிகையே இந்தியக் கடனில் கட்டியதுதான். தேமாவிலிருந்து போகிற புது ரயில் பாதைக்கும் நம் எக்ஸிம் வங்கிக் கடன். செல்வியம்மா சொல்கிற அந்த வெளிநாட்டுக் கடன்காரர்கள் வரிசையில் நாமும் உட்கார்ந்திருக்கிறோம்.

செல்வியம்மாவின் வாதத்தில் ஒன்றை ஏற்கிறேன். வெட்டு அவசியம் என்பது வேறு, யாருக்கு எவ்வளவு என்பது வேறு. முதலாவதுக்குத்தான் கணக்கு இருக்கிறது. இரண்டாவதுக்கு என்னிடம் கணக்கு இல்லை. ஆனாலும் வங்கிகளைக் காப்பாற்றியது சரி என்பதில் நான் மாறவில்லை.

ஹட்டன்_செல்வி

மாற வேண்டாம் ஐயா. வங்கியைக் காப்பாற்றுங்கள், ஆனால் 2022-23இல் அதே வங்கிகள் 20, 25 வீதத்துக்கு மேல் வட்டி வந்த புதிய அரசு உண்டியல்களில் (குறுகிய காலக் கடன் பத்திரங்களில்) சம்பாதித்ததற்கு ஒரு தனி வரி போட்டிருக்கலாமே? 30% வரி என்று மிரட்டத் தெரிந்தது சேமலாப நிதியை மட்டும்தான்.

பரணி_மதுரை

முருகு அண்ணா, இப்போது அங்கே நிலைமை என்ன? கானா மீண்டுவிட்டது என்று செய்தி வருகிறதே.

தேமா_முருகு

எண்கள் நன்றாகத்தான் இருக்கின்றன. 2024 டிசம்பர் தேர்தலில் ஆட்சி மாறியது, முன்னாள் ஜனாதிபதி மஹாமா திரும்ப வந்தார். 2025 தொடக்கத்தில் டாலருக்கு 15 சீடி இருந்தது, மே கடைசியில் 10 சீடிக்கு வந்தது. செப்டம்பரில் விலைவாசி ஏற்றம் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியது. பெரும்பங்கு தங்கம் செய்த வேலை. உலகச் சந்தையில் தங்கம் ஏறியது, சிறு சுரங்கக்காரர்களிடம் வாங்க கோல்ட்போட் என்று ஒரு வாரியம் வைத்தார்கள், டாலர் வந்தது. தங்கம் இறங்கினால் என்ன ஆகும் என்று யாரும் இப்போது கேட்பதில்லை. கோகோ விலை 2025 கடைசிக்குள் உச்சத்தில் பாதிக்குக் கீழே வந்துவிட்டது, அதையாவது பார்க்கலாம்.

மாற்றிக் கொடுத்த உள்நாட்டுப் பத்திரங்களின் பெரிய தவணைகள் 2027, 2028இல் வரிசையாக விழுகின்றன. இலங்கை முழு வேகத்தில் வெளிநாட்டுக் கடனைக் கட்டத் தொடங்குவதும் 2028இல்தான் இல்லையா செல்வி?

இதற்கிடையில் கானா அரசு டி-பில்லை, அதாவது சில மாதங்களில் முதிரும் அரசுக் கடன் பத்திரத்தை, வைத்து ஓட்டியது. மறுசீரமைப்பில் டி-பில்லைத் தொடவில்லை என்பதால் எல்லோரும் அதற்கு ஓடினார்கள். 91 நாள் பில்லுக்கு 2024 கடைசியில் 28% வட்டி, 2025 செப்டம்பரில் 10, 11 சதவீதம். இப்போது வங்கிகள் திரும்பவும் நீண்ட காலப் பத்திரத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டன. நான் முதலில் சொன்ன அந்த மேற்பார்வையாளரிடம் கேட்டேன். 91 நாளுக்கு மேல் இந்த அரசாங்கத்துக்கு ஒரு பைசா தரமாட்டாராம்.